சம்பளத்துக்கு ஒரு கல்யாணம்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில், பழைய படத் திரையிடலுக்கு முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, முன்வரிசையில் சுண்டல் பொட்டலத்தோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் கதவை ஒட்டி நிற்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கதவை ஒட்டி நிற்பவர்கள் எந்த நேரமும் நழுவிவிடலாம் என்ற கணக்கில்தான் நிற்கிறீர்கள். முப்பத்து மூன்று வருஷம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்கு அந்தக் கணக்கு தெரியாதா? போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். படம் போடும்போது மட்டும் வந்துவிடுங்கள்.

‘மிஸ்ஸியம்மா’ பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1955 பொங்கலுக்கு வந்த படம். விஜயா புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு, எல்.வி.பிரசாத் இயக்கம். நாகிரெட்டியும் சக்கரபாணியும் தயாரிப்பாளர்கள். ஜெமினி கணேசன், சாவித்திரி, ஜமுனா, தங்கவேலு, ரங்காராவ், நம்பியார், சாரங்கபாணி என்று பட்டியல் நீளும். இதையெல்லாம் உங்கள் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் தட்டினால் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். நான் வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

‘கல்யாண பரிசு’ பார்த்திருப்பீர்கள். 1959. ஸ்ரீதர் முதன்முதலாக இயக்கிய படம். அதில் தங்கவேலு மன்னார் அண்ட் கம்பெனியில் உத்தியோகம் என்று பெண்டாட்டி சரோஜாவிடம் அளந்துகொண்டே இருப்பார். அப்படியொரு கம்பெனியும் கிடையாது, உத்தியோகமும் கிடையாது. இன்றைக்கும் வேலைவெட்டி இல்லாதவனை ‘மன்னார் அண்ட் கம்பெனியா?’ என்று கேட்கிறோமே, அது அங்கிருந்து வந்ததுதான். அங்கே, மனைவியிடம் வேலையைப் பற்றிப் பொய். அதற்கு நான்கு வருஷம் முந்திய ‘மிஸ்ஸியம்மா’வில் வேலை கொடுத்தவரிடம் மனைவியைப் பற்றிப் பொய். முதல் பொய்யைச் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது சொன்னால் போதும். இரண்டாவது பொய்யை வேலை நேரம் முழுக்கச் சொல்லவேண்டும். வேலை பார்க்கும் இடத்திலேயே குடியிருக்க நேர்ந்தால் ராத்திரியும் சொல்லவேண்டும். படத்தின் சிரிப்பெல்லாம் இந்த ஓவர்டைமில்தான் இருக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்க்காதவர்கள் மன்னிக்கவேண்டும். எழுபது வருஷத்துப் படத்துக்கு ரகசியம் காப்பது என்னால் முடியாது.

ஒரு ஜமீன்தார், ரங்காராவ். பதினாறு வருஷத்துக்கு முன்பு தொலைந்துபோன மூத்த மகள் மகாலட்சுமியின் பெயரில் பள்ளிக்கூடம் நடத்துகிறார். வாத்தியார்கள் சரியில்லை. பட்டம் பெற்ற கணவன் மனைவி இருவரும் ஆசிரியராக வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறார். பட்டம் வாங்கி வேலையில்லாமல் திரியும் ஜெமினி ஒரு பக்கம். தகப்பன் வாங்கிய கடனுக்காகத் தன்னையே கேட்கும் டேவிட்டிடமிருந்து, அதாவது நம்பியாரிடமிருந்து, தப்பிக்கப் பணம் தேடும் கிறிஸ்தவப் பெண் மேரி, நம் சாவித்திரி, இன்னொரு பக்கம். இருவருக்கும் வேலை வேண்டும். வேலைக்குத் தம்பதி வேண்டும். ஆகவே தம்பதி ஆகிறார்கள். தாலி இல்லை, மோதிரம் இல்லை, மனு மட்டும் உண்டு.

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். இந்தப் படத்தில் புருஷனாக இருப்பதே உத்தியோகத்துக்கு லட்சணமாகிவிட்டது.

தெலுங்கில் இந்தப் படம் ‘மிஸ்ஸம்மா’. இரண்டு மொழியிலும் கூடவே எடுத்தார்கள். தமிழுக்கு இரண்டு நாள் முன்னால் அங்கே வெளியானது. அங்கே நாயகன் என்.டி.ராமாராவ். பாத்திரத்தின் பெயர் எம்.டி.ராவ். அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்து வேகமாகச் சொல்லிப்பாருங்கள், வெறுமையானதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் காதில் விழும். சட்டைப்பை காலியான பட்டதாரிக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சுதந்திரம் வந்து எட்டு வருஷம்கூட ஆகாத காலம். பட்டம் வாங்கியவன் ‘தேவை’ விளம்பரத்தைத் தேடி வாசகசாலையில் பத்திரிகையின் உள்பக்கத்தை மற்றவன் கையிலிருந்து உருவிக்கொண்டிருந்த காலம். கொட்டகையில் சிரித்தவர்களில் பாதிப்பேர் தங்கள் கதையைப் பார்த்துத்தான் சிரித்திருப்பார்கள்.

‘மிஸ்ஸியம்மா’ என்ற சொல் இளைஞர்களுக்குப் புதிதாக இருக்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரை, சட்டைக்காரக் குடும்பத்து, அதாவது ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண்ணை, துரைசானி மாதிரி மிடுக்காக நடக்கிற எந்தப் பெண்ணையும் ஊர்ச்சனம் மிஸ்ஸியம்மா என்று சொல்லும். அதில் மரியாதையும் உண்டு, ‘நம்மில் ஒருத்தி இல்லை’ என்ற விலகலும் உண்டு. கல்யாணம் ஆகாதவளைக் குறிக்கும் ‘மிஸ்’ஸையும், தாயைக் குறிக்கும் ‘அம்மா’வையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டு வைத்தது நம் சனம். படத்தின் மொத்தச் சிக்கலும் தலைப்பிலேயே இருக்கிறது.

இனி சொந்தக் கதை கொஞ்சம். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கவேண்டாம், சின்னதுதான்.

நானும் என் வீட்டம்மாவும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அவர் கணக்கு டீச்சர். நிஜத் தம்பதிதான், சந்தேகம் வேண்டாம். காலையில் ஒன்பது மணிக்கு வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போடவேண்டும். வீட்டில் சண்டை என்றால் அன்றைக்குக் கையெழுத்தின் அழுத்தம் அடுத்த பக்கத்திலும் பதிந்திருக்கும். தலைமையாசிரியர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘என்ன சார், இன்னைக்கு வீட்டுல மழையா?’ என்பார். ஒரு நாள் நான் கோபத்தில் சாப்பாட்டுத் தூக்கை எடுக்காமல் வந்துவிட்டேன். மத்தியானம் ஆசிரியர் அறையில் பதினெட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தூக்கோடு வந்து, பாடம் ஒப்பிக்கிற குரலில் நீட்டி முழக்கிச் சொன்னான்: ‘சார், டீச்சர் குடுக்கச் சொன்னாங்க. ரசத்துல உப்புப் போடலையாம். வேணும்னா நீங்களே போட்டுக்கணுமாம். காலையில பேசுன பேச்சுக்கு அதுவே அதிகமாம்.’

பதினெட்டுப் பேர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஆசிரியர் அறையில் உப்பு என்ற சொல்லை யாரும் சும்மா சொன்னது கிடையாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரே இடத்தில் வேலை பார்க்கும் தம்பதிக்கு வீடு எங்கே முடிகிறது, ஆபீஸ் எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. உண்மையான தம்பதிக்கே இந்தப் பாடு. பொய்த் தம்பதிக்கு எப்படியிருக்கும்? நாடகத்தில் நடிப்பவன் திரை விழுந்ததும் அரிதாரத்தைக் கழுவலாம். இவர்களுக்குத் திரையே விழுவதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர், ஜமீன் வீட்டில் மருமகள் மாதிரி, மகள் மாதிரி. முதலாளி கெட்டவராக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். ரங்காராவும் ஜமீன்தாரம்மாவாக வரும் ருஷ்யேந்திரமணியும் நல்லவர்களாக அல்லவா இருந்து தொலைக்கிறார்கள்! அவர்கள் பிரியத்தோடு செய்யும் ஒவ்வொன்றும் மேரிக்கு ஒரு கண்டம். கருணையால் ஆட்டிவைக்கப்படுகிற வேலைக்காரியைப் போல நகைச்சுவைக்கு நல்ல விஷயம் வேறு இல்லை. சக்கரபாணிக்கு அது தெரிந்திருந்தது.

சக்கரபாணியைப் பற்றி ஒரு வார்த்தை. தெலுங்கு எழுத்தாளர். வங்காள மொழி கற்று, சரத் சந்திரரைத் தெலுங்குக்குக் கொண்டுபோனவர். இந்தப் படத்தின் கதையும் அவர் வங்காளத்திலிருந்து எடுத்து வந்ததுதான். ரவீந்திரநாத் மைத்ராவின் ‘மானமயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ நாடகத்திலிருந்து பொய்த் தம்பதியை எடுத்தார். துப்பறியும் வியோம்கேஷ் பக்‌ஷியைப் படைத்த சரதிந்து பந்தோபாத்யாயின் ‘டிடெக்டிவ்’ கதையிலிருந்து அரைகுறைத் துப்பறிவாளனை எடுத்தார். இரண்டையும் ஒட்டுப்போட்டார். ஒட்டு தெரிகிறதா என்று பாருங்கள், எனக்குத் தெரியவில்லை. கல்கத்தாவில் முளைத்தது வடபழனியில் வேர்விட்டு, இங்கேயே விளைந்த கத்தரிக்காய் மாதிரி ஆகிவிட்டது.

இந்தப் படத்தில் நடந்த மிகப் பெரிய ஆபீஸ் விபத்து திரையில் நடக்கவில்லை, படப்பிடிப்பில் நடந்தது. முதலில் மேரியாக ஒப்பந்தமானவர் பி.பானுமதி. சில ரீல்கள் எடுத்தும் ஆகிவிட்டது. ஒரு நாள் வீட்டில் வரலட்சுமி விரதம். மத்தியானம்தான் வரமுடியும் என்று முன்கூட்டியே கடிதம் கொடுத்தனுப்பினாராம். கடிதம் நடுவில் ஒருவர் கையிலேயே தங்கிவிட்டது, சக்கரபாணியின் மேசைக்குப் போகவில்லை. தாமதமாக வந்த பானுமதியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார் சக்கரபாணி. பானுமதியா கேட்பார்? சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருந்த அம்மையார் அவர். எடுத்த ரீல்களைச் சக்கரபாணி எரித்தார் என்று சினிமா உலகம் இன்றைக்கும் சொல்லிவருகிறது. அப்படியே நடந்ததோ, சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் பெரிதானதோ, பானுமதி படத்தை விட்டுப் போனதும், இரண்டாவது வேஷத்துக்கு வந்திருந்த சாவித்திரி மேரி ஆனதும், சாவித்திரியின் இடத்துக்கு ஜமுனா வந்ததும் நடந்தவை.

வீட்டுப் பூஜைக்கும் வேலைக்கும் நடுவே ஒரு கடிதம் தொலைந்தது. அதில் ஒரு நடிகைக்கு வேலை போயிற்று, இன்னொரு நடிகைக்கு வாழ்வு வந்தது. கதாசிரியர் உட்கார்ந்து யோசித்தாலும் படத்துக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது.

இன்னொரு பொருத்தம் உண்டு. கிசுகிசு என்று நினைக்கவேண்டாம், எல்லோரும் எழுதிவிட்ட விஷயம்தான். படத்தில் ஜெமினியும் சாவித்திரியும் கல்யாணம் ஆகாமலே ஆனதாகக் காட்டிக்கொள்கிறார்கள். படப்பிடிப்பு நடந்த காலத்தில் நிஜத்தில் அவர்களுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, ஆகாததாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெமினி ஏற்கெனவே குடும்பஸ்தர். பின்னால் லக்ஸ் சோப்பு விளம்பரத்துக்காகச் ‘சாவித்திரி கணேஷ்’ என்று கையெழுத்துப் போட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது என்பார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்குப் படத்தைப் பாருங்கள். ‘நான் உங்கள் மனைவி இல்லை, ஞாபகம் இருக்கட்டும்’ என்று மேரி முறைக்கிற இடங்களில் ஜெமினியின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வரும். அது பாத்திரத்தின் சிரிப்பா, ஆளின் சிரிப்பா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஜெமினி நிஜத்திலும் கொஞ்சகாலம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் வாத்தியார் வேஷத்துக்குத் தனி ஒத்திகை தேவைப்பட்டிருக்காது.

ஆனால் படம் சாவித்திரியுடையது. அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. கோபம் வந்தால் அவர் கத்துவதில்லை. முதலில் மூக்கு லேசாக விடைக்கும். அப்புறம் தலை ஒரு பக்கம் திரும்பும். பேச்சு கடைசியில்தான் வரும், அதுவும் பாதியில் நிற்கும், ஏனென்றால் ஜமீன்தாரம்மா உள்ளே வந்துவிடுவார். வந்தவுடன் அதே முகத்தில் ஒரு மனைவிச் சிரிப்பை ஒட்டவேண்டும். கோபம் இன்னும் கண்ணில் இருக்கும், சிரிப்பு வாயில் மட்டும் இருக்கும். முகத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து இரண்டு வேலை வாங்கினார் அந்தப் பெண். மறுபடி மறுபடி பாருங்கள், கண்ணுக்கும் வாய்க்கும் நடுவே இந்தச் சண்டை ஓயவே ஓயாது.

அதைவிட நுட்பமானது பொறாமை. ஜெமினி, ஜமீன்தாரின் மகள் சீதாவுக்கு, அதாவது ஜமுனாவுக்கு, சங்கீதம் சொல்லிக்கொடுக்கப் போகிறார். மேரிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இங்கேதான் முடிச்சு. மனைவி வேஷத்துக்குப் பொறாமை பொருத்தம்தான், ஊரார் ‘பெண்டாட்டி என்றால் அப்படித்தான்’ என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஆனால் மேரிக்கு அது வேஷமாக வரவில்லை, நிஜமாக வருகிறது. நடிப்புக்கு நடுவில் நிஜம் வந்துவிட்டதை ஊருக்கு மறைக்கத் தேவையில்லை, தனக்குத்தானே மறைக்கவேண்டும். ‘எனக்கென்ன வந்தது?’ என்று தோளைக் குலுக்கிவிட்டு, அடுத்த நிமிஷம் பாட்டு வரும் பக்கம் காது திரும்புகிறது. காதல் எப்போது வந்தது என்று எந்த வசனமும் சொல்லாமல் காட்டிய தமிழ்ப் படங்கள் அந்தக் காலத்தில் ரொம்பக் குறைவு.

இதே எல்.வி.பிரசாத் அதற்கு முந்திய வருஷம் ‘மனோகரா’ எடுத்தவர். கலைஞர் வசனம், சிவாஜி கர்ஜனை, சங்கிலி அறுபடும் சத்தம். அடுத்த வருஷமே ஒருவரும் குரல் உயர்த்தாத ஒரு படம். இந்தியாவின் முதல் பேசும் படமான ‘ஆலம் ஆரா’விலும், தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ஸிலும் சின்ன வேஷங்களில் தலைகாட்டியவர் அவர். சினிமா பேசக் கற்றபோது பக்கத்தில் இருந்தவர் என்பதால், எங்கே பேசாமல் இருக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

தங்கவேலுவை விட்டுவிட்டால் முன்வரிசைத் தாய்மார்கள் என்னை விடமாட்டீர்கள். அவர்தான் துப்பறிவாளர். தெலுங்கில் அந்த வேஷத்தை ஏற்றவர் அக்கினேனி நாகேஸ்வர ராவ். ‘தேவதாஸ்’ ஆக இருமிச் செத்த பிறகு மக்கள் தன்னைச் சோகத்திலேயே வைத்துவிடுவார்களோ என்று பயந்து நகைச்சுவை வேஷத்துக்கு வந்தாராம். இந்தியில் ஏ.வி.எம். ‘மிஸ் மேரி’ என்று 1957இல் எடுத்தபோது கிஷோர் குமார். நாயகி மீனா குமாரி, நாயகன் அங்கேயும் நம் ஜெமினிதான். மூன்று பேரில் எனக்குத் தங்கவேலுதான். மற்ற இருவரும் முட்டாளாக நடிக்கும் கெட்டிக்காரர்கள். தங்கவேலு தன்னைக் கெட்டிக்காரன் என்று முழுசாக நம்பும் முட்டாள். வேடிக்கை என்னவென்றால், கடைசியில் துப்பு அவருக்குத்தான் துலங்குகிறது. மேரியின் காலில் உள்ள மச்சம்! தொலைந்துபோன மகாலட்சுமி அவள்தான்.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல். படம் முழுக்க ஒரு கிறிஸ்தவப் பெண்ணை, அவள் பிரார்த்தனையோடும் பிடிவாதத்தோடும், கேலி செய்யாமல் காட்டினார்கள். மேரி மாதாவை நோக்கி அவள் உருகிப் பாடுவதை நம்மவர்கள் பக்திப் பாட்டாகவே ஏற்றுக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் வந்துவிட்டு, கல்யாணம் என்று வரும்போது அவள் பிறப்பால் இந்துதான் என்று ஒரு மச்சத்தைக் காட்டிச் சமாதானம் செய்துவிட்டார்கள். மதம் மாறிக் கல்யாணம் என்ற கேள்வியைக் கதை தானே எழுப்பி, தானே பின்வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டது. 1955இல் இதற்குமேல் முடியாது என்பீர்கள். இருக்கலாம். ஆனாலும் நான் ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அந்த மச்சம் இல்லாமல் போகக்கூடாதா என்றுதான் நினைக்கிறேன். வளர்த்த தகப்பன் பவுலுக்கு அந்தக் கடைசிக் காட்சிகளில் என்ன மிச்சம் என்று யாராவது யோசித்தீர்களா?

சரி, பாட்டுக்கு வருகிறேன். எஸ்.ராஜேஸ்வர ராவ் இசை, தமிழில் தஞ்சை ராமையாதாஸ் எழுத்து. ஏ.எம்.ராஜா, பி.லீலா, பி.சுசீலா குரல்கள். நிலாவைக் கூப்பிட்டு ஒருவரைப் பற்றி ஒருவர் புகார் சொல்லும் பாட்டை எல்லோரும் முணுமுணுத்திருப்பீர்கள். காதலர்கள் நிலாவைப் பார்த்து ஏங்குவதுதான் நம் சினிமா வழக்கம். இங்கே நிலா தலைமையாசிரியர். இருவரும் மனுக் கொடுக்கிறார்கள். தெலுங்கில் அதே பாட்டில் நிலாவைச் ‘சந்தமாமா’ என்று கூப்பிடுவார்கள். 1947இல் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சேர்ந்து தொடங்கிய குழந்தைகள் பத்திரிகையின் பெயரும் அதுதான். தமிழில் நாம் படித்து வளர்ந்த ‘அம்புலிமாமா’. முதலாளிகளின் பத்திரிகைக்கும் சேர்த்தே நாயகன் நாயகி வேலை பார்த்தார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த நிலா வெளிச்சம் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியுடையது. ஆங்கிலோ இந்தியர். இரண்டு வருஷம் கழித்து ‘மாயாபஜார்’ எடுத்தவரும், பின்னால் ‘செம்மீன்’ கடலை எடுத்தவரும் அவர்தான். எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தப் படத்தை மறுபடி போட்டார்கள். தரை டிக்கெட். மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். பிலிம் அடிபட்டு மழை பெய்தது. அந்தப் பாட்டு வந்ததும் என் பாட்டி கொட்டகையின் ஓரத்தில் தட்டி விலகியிருந்த இடைவெளி வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள். ‘என்ன பாட்டி?’ என்றேன். ‘இன்னைக்கு அமாவாசைன்னுல்ல நெனச்சேன்’ என்றாள். பார்ட்லிக்கு எத்தனையோ பேர் எழுதிய பாராட்டில் இது சேரவில்லை, ஆகவே இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

தலைவர் மணி அடித்துவிட்டார். பேச்சை முடிக்கிறேன். படம் நீளமானது, இடைவேளைக்குத் தேநீர் உண்டு என்கிறார்கள். ஒரு வேண்டுகோள்: நிலாப் பாட்டு ஓடும்போது யாரும் எழுந்து குறுக்கே போகவேண்டாம். கதவோரத்துத் தம்பிகள் அந்தக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வாருங்கள், தெருவிளக்கு வெளிச்சம் திரையில் விழுகிறது.